காட்டின் நலத்தைச் செடிகொடிகள் சொல்லும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே காட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். பள்ளி, விடுதி, உதவித்தொகை, வேலைவாய்ப்பு ஆகியவையன்றோ நம் சங்கத்தின் அன்றாட அலுவல்கள்! ஆயினும், பள்ளிக்கூடத்தின் வாசல் நமக்கு அடைத்திருந்த காலத்தில் நம் முன்னோர் கற்ற இடங்களுள் காடும் ஒன்று. நிலமில்லாத குடும்பத்திற்கு அடுப்பெரிக்க விறகும், ஆட்டுக்குத் தழையும், பஞ்ச காலத்தில் கிழங்கும், காய்ச்சலுக்கு மூலிகையும் தந்தவை காடும் புறம்போக்கும் ஏரிக்கரையுமே. அவை செழித்தனவா, சீரழிந்தனவா என்பது நம் வீட்டு அடுப்போடு தொடர்புடைய செய்தி.

காட்டை அழியவிடாமல் ஆண்டு, தலைமுறை தலைமுறையாகப் பயன் கொள்வதை ‘நிலைபேறான வன மேலாண்மை’ என்று இன்று வழங்குகிறோம். ஒரு காடு அவ்வாறு ஆளப்படுகிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது? அறிந்து சொல்லும் பொறுப்பு யாருடையது? இவ்விரு கேள்விகளே இவ்வுரையின் பொருளாகும். முதற் கேள்விக்கு விடை, அக்காட்டில் வாழும் செடிகொடிகளின் வகைப்பெருக்கம் என்பது. இரண்டாம் கேள்விக்கு விடை, அப்பொறுப்பில் நமக்கும் பங்குண்டு என்பது.

சூளைக்குள் நிற்கும் கூம்பு

நம் விருத்தாசலம் பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் நிறுவனமும் இங்குள்ளன. சூளையிலே வேலை செய்தோர் இந்த அவையிலும் பலர் இருப்பர். ஆகவே நமக்குத் தெரிந்த சூளையிலிருந்தே தொடங்குவோம்.

சூளைக்குள் அடுக்கிய கலங்கள் பதமாக வெந்துவிட்டனவா என்பதை வெளியே நின்று பார்த்து அறிய இயலாது. அதற்காக ஜெர்மானிய வேதியியலறிஞர் ஹெர்மன் செகர் 1886-ஆம் ஆண்டில் ஓர் எளிய வழியைக் கண்டார். களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் முதலியவற்றை அளவோடு கலந்து சிறு சிறு கூம்புகளாகச் செய்து, கலங்களோடு சூளைக்குள் வைத்தார். குறித்த அளவு வெப்பம் குறித்த நேரம் தாக்கியவுடன் கூம்பு தலைசாய்ந்து வளையும். பார்வைத் துளை வழியே அதனைக் கண்டு தீயை நிறுத்துவர்.

வெப்பமானி, பார்க்கும் அந்தக் கணத்தின் வெப்பத்தை மட்டுமே சொல்லும். கூம்போ, அதுவரை எவ்வளவு வெப்பம் எவ்வளவு நேரம் உள்ளே வேலை செய்தது என்பதையெல்லாம் தன் உடலிலே வாங்கி வைத்துக் காட்டும். மேலும், தேர்ந்த தொழிலாளர் மூன்று கூம்புகளை வரிசையாக வைப்பதுண்டு. முதலாவது எளிதில் வளைவது, அது எச்சரிக்கை. இரண்டாவது சரியான பதத்தில் வளைவது. மூன்றாவது எளிதில் வளையாதது. அதுவும் சாய்ந்துவிட்டால் சூளை அளவுக்கு மிஞ்சி எரிந்துவிட்டது என்று பொருள்.

காட்டிலே செடிகொடிகள் இக்கூம்புகளைப் போன்றவை. மழை எவ்வளவு பெய்தது, ஆடுமாடு எவ்வளவு மேய்ந்தது, கோடரி எத்தனை முறை விழுந்தது, தீ எத்தனை கோடையில் பரவியது என்பனவற்றையெல்லாம் பல ஆண்டுக் காலம் தம்மேல் தாங்கி நிற்பவை அவை. முதலிற் சாயும் கூம்பு தரையிலுள்ள நாற்றும் சிறுபூண்டும். அடுத்தது புதரும் கொடியும். கடைசியிற் சாய்வது பெருமரம். பெருமரம் நிற்பதைப் பார்த்துக் காடு நன்றாயிருக்கிறது என்று எண்ணுவோர், மூன்றாம் கூம்பை மட்டும் பார்த்துச் சூளையை ஓட்டுவோருக்கு ஒப்பாவர்.

உலையில் பிறந்த கருத்து

காட்டை அளவறிந்து பயன்படுத்த வேண்டும் என்ற எண்ணம் நூலாக உருப்பெற்றதும் ஓர் உலை நாட்டிலேதான். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1710-இல் மைசென் நகரில் ஐரோப்பாவின் முதல் வன்பீங்கான் ஆலை தொடங்கியது. அதே சாக்சனியில் ஃபிரைபெர்க் நகரின் சுரங்கத்துறைத் தலைவராயிருந்த ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ் 1713-இல் ஒரு நூல் வெளியிட்டார். வெள்ளி உருக்கும் உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடுகள் மொட்டையாயின; இனி வளர்கின்ற அளவுக்கு மேல் வெட்டலாகாது என்பதே அந்நூலின் சாரம். நிலைபேறு என்ற கருத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்நூலிலிருந்தே தொடங்குவது வழக்கம்.

அந்த ஜெர்மானிய வனவியல் நம் நாட்டிற்கும் வந்தது. 1864-இல் டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். 1865-ஆம் ஆண்டிலும் 1878-ஆம் ஆண்டிலும் வனச் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்திற்கு 1882-இல் தனிச் சட்டம் வந்தது. ‘ஒதுக்குக் காடு’ என்று வேலியிட்ட இடத்தில் வெட்டுவதும் மேய்ப்பதும் குற்றமாயின. இரயில் பாதைக்குத் தண்டவாளக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் தேவைப்பட்ட காலம் அது. ஆகவே அன்றைய ஆட்சியினர் ‘குறையாத விளைச்சல்’ என்று கூறியது மரத்தின் கன அடிக் கணக்கையே. தேக்கு குறையாமல் விளைந்தால் போதும்; தேக்கின் அடியில் முளைத்த நன்னாரியும் கிழங்கும் கணக்கில் வாரா. அவற்றை நம்பி வாழ்ந்த ஏழையும் கணக்கில் வரவில்லை. ஏட்டில் அவனுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் குற்றப் பதிவேட்டில்தான்.

இந்தக் கணக்கு மாறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு வனக் கொள்கை, வருவாயைப் பின்னே தள்ளிச் சூழலின் நிலைப்பையும் அருகில் வாழும் மக்களின் தேவையையும் முன்னே வைத்தது. 1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாடு உயிரினப் பன்மையைக் காப்பதை உலகக் கடமையாக்கியது. 1995-இல் மான்ட்ரியால் வழிமுறையைச் சேர்ந்த நாடுகள் காட்டின் நலத்தை அளக்க 7 அளவுகோல்களையும் 67 அடையாளங்களையும் ஏற்றுக்கொண்டன. அந்த ஏழனுள் முதலாவது உயிரினப் பன்மையின் காப்பு. இந்தியாவில் போபாலிலுள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் முன்முயற்சியால் ‘போபால்–இந்தியா வழிமுறை’ என்னும் திட்டம் 1998-இல் தொடங்கி, 8 அளவுகோல்களும் 43 அடையாளங்களும் வகுக்கப்பட்டன. வனத்துறை தன் செயல்திட்டங்களை எழுதும் நெறிமுறைத் தொகுப்பு 2014-இல் இக்கருத்துகளைத் தழுவித் திருத்தப்பட்டு, 2023-இல் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. கன அடியை மட்டும் எண்ணிய ஏட்டிலே செடிகொடிகளுக்கும் ஒரு பக்கம் கிடைத்தது என்பதே இவற்றின் பொருள்.

மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சை

ஏட்டிலே பக்கம் கிடைத்தாலும் பொதுமக்கள் காதில் விழுவது வேறொரு கணக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற முறையில் நாட்டின் வனப் பரப்பைச் செயற்கைக் கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டு வெளியிட்டு வருகிறது. அதன் இலக்கணப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அது ‘வனப் போர்வை’. நிலம் யாருடையது, மரம் எவ்வகை என்பன அங்கே வினாக்கள் அல்ல.

நம் ஊரைச் சுற்றிலும் பாருங்கள். செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரித் தோப்புகள். அப்பால் தைலமரக் காடுகள். முந்திரி, பிரேசில் நாட்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம். தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1974-இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் நிறுவப்பட்ட பின்னர், காகித ஆலைகளுக்கான தைலமர வளர்ப்பு மாநிலத்தில் பெருந்தொழிலாயிற்று. வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இத்தோப்புகளும் பச்சை. ஐயனார் கோயிற் பழங்காடும் பச்சை. கீழே இறங்கி நடந்தால் வேற்றுமை புலப்படும். ஒரே வயதில், ஒரே இடைவெளியில், ஒரே இன மரம் நிற்கும். அடியிலே சருகும் வெறுந்தரையும் இருக்கும்.

முந்திரியையோ தைலமரத்தையோ நாம் பழிக்கவில்லை. முந்திரிக்கொட்டை பொறுக்கியும் உடைத்தும் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் நம்மிடையே உள்ளனர். விருத்தாசலத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்னும் பெயரில் வெளியிட்ட முந்திரி, நிலக்கடலை வகைகள் உழவர்க்கு நன்மை செய்தவை. தோப்பு தோப்பாக இருக்கட்டும். அதனைக் காடு என்று எழுதாதிருப்போம் என்பதே நம் வேண்டுகோள். ஏனெனில், தோப்பும் காடும் ஒரே தலைப்பில் ஏறும்போது, ஒரு பழங்காடு அழிந்து அதே பரப்பில் ஒரு தோப்பு வந்தால், கூட்டிப் பார்க்கையில் ஒன்றும் குறையாதது போலத் தோன்றும். அங்கே குறைந்ததைச் சொல்லவல்லது செடிகொடிக் கணக்கு மட்டுமே.

இம்மண்ணின் பழங்காடு

இந்த மண்ணில் முன்பு எவ்வகைக் காடு இருந்தது என்று அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையோரத்துக்கே உரியது ‘உலர் பசுமைமாறாக் காடு’. மழை குறைந்த நாட்டிலும் ஆண்டு முழுவதும் இலையுதிர்க்காமல் நிற்கும் குட்டையான, நெருங்கிய காடு அது. வீரை, காசா, உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை, நாவல், வெப்பாலை முதலிய மரங்களும், களா, காரை, சூரை முதலிய புதர்களும், ஆதொண்டை, குன்றிமணி, நன்னாரி, பிரண்டை முதலிய கொடிகளும் அங்கே பின்னிக் கிடக்கும். இன்று அக்காடு பெரும்பாலும் சிறு துண்டுகளாகக் கோயில்களைச் சுற்றியே எஞ்சியுள்ளது. கடலூரை அடுத்த திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் ஆகிய இடங்களிலும், விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலைச் சுற்றியும் உள்ள காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் 1990-களில் மரம் மரமாக எண்ணிப் பதிவு செய்தனர். புத்துப்பட்டில் 1992-இல் எண்ணிய மரங்களைப் பத்தாண்டுக்குப் பின் 2002-இல் மீண்டும் எண்ணி, எவ்வினம் பெருகியது, எவ்வினம் குறைந்தது என்று ஒப்பிட்டனர். ஆரோவில்லில் 1970-களிலிருந்து வறண்ட செம்மண் மேட்டிலே இக்காட்டின் மரங்களை நட்டு மீட்டெடுக்கும் முயற்சி நடந்து வருகிறது.

கோயிற் காடுகள் எஞ்சியதைப் போற்றும்போது ஓர் உண்மையையும் மறவாதிருத்தல் வேண்டும். கோயில்களைப் போலவே அவற்றைச் சூழ்ந்த இடங்களும் எல்லோர்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. காட்டைக் காப்பது என்பது மனிதரை விலக்கி வைப்பதாக இருத்தல் கூடாது. எல்லாரும் சேர்ந்து காக்கும் காடே நிலைக்கும்.

எண்ணும் முறை

செடிகொடிகளை எண்ணுவது கடினமான வித்தையன்று. பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள சதுரத்தைக் கயிறு கட்டிக் குறித்து, அதனுள் நிற்கும் மரங்களை எண்ணுவர். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ மார்பளவில், அடிமரத்தின் சுற்றளவை அளப்பர். அச்சதுரத்துக்குள்ளேயே ஐந்து மீட்டர் சதுரம் குறித்துப் புதர்களையும், ஒரு மீட்டர் சதுரம் குறித்துப் பூண்டுகளையும் நாற்றுகளையும் எண்ணுவர். இத்தகைய சதுரங்கள் பலவற்றைக் காட்டின் வெவ்வேறு பகுதிகளில் அமைப்பர்.

எண்ணி முடித்தபின் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதல் வினா: எத்தனை இனங்கள்?

இரண்டாம் வினா: அவை எவ்வாறு பங்கிட்டு நிற்கின்றன? நூறு மரமுள்ள இரு காடுகளை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் பத்து இனங்கள். முதற் காட்டில் இனத்துக்குப் பத்து மரம். இரண்டாவதில் ஒரே இனம் 91 மரம்; மற்ற ஒன்பது இனமும் ஒவ்வொன்று. இனத்தின் எண்ணிக்கை சமமாயினும் இரு காடும் ஒன்றாகா. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மரத்தைத் தொட்டு, மீண்டும் ஒருமுறை தொட்டால், இரண்டும் ஒரே இனமாக அமையும் வாய்ப்பு முதற் காட்டில் நூற்றுக்குப் பத்து. இரண்டாவதில் நூற்றுக்கு ஏறத்தாழ 83. எட்வர்ட் சிம்ப்சன் 1949-இல் வகுத்த அளவின் அடிப்படை இதுவே. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த மாணவர் இதனைச் செய்துவிடலாம்.

மூன்றாம் வினா: நாற்று உண்டா? ஒவ்வோர் இனத்திலும் சிறியது பலவாகவும் பெரியது சிலவாகவும் இருப்பது நலமுள்ள காட்டின் இயல்பு. பெரிய வீரை மரங்கள் பல நின்று, அடியிலே ஒரு வீரைக் கன்றும் இல்லையானால், அது மேல் வகுப்புகள் நிறைந்திருக்க முதல் வகுப்பில் பிள்ளைகளே சேராத பள்ளியைப் போன்றது. இன்று குறை தெரியாது. சில ஆண்டில் பள்ளியையே மூட நேரும். நாற்று இல்லாமைக்குக் காரணம் மேய்ச்சலாக இருக்கலாம், தீயாக இருக்கலாம், பழத்தைத் தின்று விதையைப் பரப்பும் பறவைகளும் வௌவால்களும் அற்றுப்போனதாகவும் இருக்கலாம்.

நான்காம் வினா: எவ்வினங்கள்? ஆடுமாடு வாய்வைக்காத ஆவாரையும் விராலியும் எருக்கும் மட்டும் மிகுந்தால், மேய்ச்சல் அளவு கடந்தது என்று கொள்ளலாம். உண்ணிச்செடியும் வேலிக்காத்தானும் புகுந்தால், கவிகை திறந்து மண் வெளுத்தது என்று கொள்ளலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. காடு சிதையத் தொடங்கும்போது வெளியிலிருந்து களைகள் நுழைவதால் இனங்களின் மொத்த எண்ணிக்கை சிறிது காலம் உயரவும் கூடும். எண் உயர்ந்தது என்று மகிழ்ந்தால் ஏமாறுவோம். எண்ணோடு பெயரும் வேண்டும்.

ஒரு காட்டை மற்றொரு காட்டோடு ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவை. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988-இல் 50 ஹெக்டேர் பரப்பைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்று முதல் எல்லாவற்றையும் எண்ணினர். ஏறத்தாழ 26,000 மரஞ்செடிகள்; எழுபதைச் சற்றுக் கடந்த இனங்கள். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் அதே 50 ஹெக்டேரில் ஏறத்தாழ 300 இனங்கள். இதனால் முதுமலை மோசமாக ஆளப்படுகிறது என்று கூறலாமா? கூடாது. அது உலர்நிலக் காடு, இது மழைக்காடு. முதுமலையை முதுமலையின் நேற்றோடு ஒப்பிடவேண்டும். நம் ஊர்க் காட்டை இம்மண்ணின் பழங்காட்டோடும், அதன் சென்ற கணக்கோடும் ஒப்பிடவேண்டும். ஒரே ஒருமுறை எண்ணிய எண் ஊமை. மீண்டும் எண்ணும்போதுதான் அது பேசும்.

பெயர் அறிந்தவர் யார்?

எண்ணோடு பெயர் வேண்டும் என்றோம். பெயரறிந்தோர் யாவர்? கல்லூரியில் பயின்ற தாவரவியலார் அறிவர். ஆயின் இலையுதிர்ந்த கோடையிலும் பட்டையைக் கீறி முகர்ந்து பார்த்து இனம் கூறவல்லவர்கள், விறகுக்கும் தழைக்கும் கிழங்குக்கும் காடு சென்ற மூதாட்டியர். எந்த விறகு புகையும், எது நின்றெரியும், எந்தத் தழை ஆட்டுக்கு ஆகாது, எந்தக் கொடி எந்த மாதத்தில் கிழங்கு வைக்கும் என்பன அவர்களுக்கு மனப்பாடம். முன்பு அரைக்கல் தொலைவில் கிடைத்த ஒரு செடி இன்று இரண்டு கல் நடந்தாலும் இல்லை என்று அவர்கள் கூறினால், அது பதிவு பெறாத ஓர் ஆய்வு முடிவு.

இத்தகைய அறிவு மெய்யென நிறுவப்பட்டதும் உண்டு. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர், காட்டு நெல்லி மரங்களைப் புல்லுருவி பற்றி அழிப்பதையும், முன்னாளில் பருவமறிந்து இட்ட சிறு தீ புல்லுருவியைக் கட்டுப்படுத்தியதையும், தீயை முற்றிலும் தடுத்தபின் அது மிகுந்ததையும் எடுத்துரைத்து வந்தனர். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, சோளகரின் இவ்வறிவை ஆராய்ந்து, அது வன மேலாண்மைக்குப் பயன்படத்தக்கது என்று காட்டியது. நெல்லிக்காய் பறிப்பவரே நெல்லியின் எதிரி என்ற எளிய எண்ணத்தை அது அசைத்தது.

நமக்கும் இதில் ஒரு மரபு உண்டு. 1907-இல் இதழ் தொடங்கி நம் மக்களின் சிந்தனையைத் தட்டியெழுப்பிய பண்டிதர் அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர். மூலிகை அறிவும் ஏட்டறிவும் ஒருவரிடத்திலேயே சேர்ந்தபோது எத்தகைய ஆளுமை உருவாயிற்று என்பதற்கு அவர் சான்று. 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியபோது, இப்பகுதியில் நம் பிள்ளைகளுக்கு ஏட்டறிவின் கதவு திறந்தது. அக்கதவு வழியே நாம் உள்ளே சென்றோம். செல்லும்போது மூதாட்டியரின் அறிவை வெளியிலேயே விட்டுவிடலாகாது. விறகு சுமந்தது இழிவு என்று எண்ணி அச்சுமையோடு சேர்த்து அந்த அறிவையும் இறக்கிவைத்தால் இழப்பு நமக்கே. சுமை தீரவேண்டும், அறிவு தீரலாகாது.

மற்றொரு காரணமும் உண்டு. காடு குறைந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலிற் சுட்டப்படுவது விறகு பொறுக்குவோர் கையே. காய்ந்த சுள்ளி பொறுக்குவதும் பச்சை மரத்தை வெட்டுவதும் ஒன்றல்ல. காட்டை அடியோடு நீக்கித் தோப்பாக்குவதும், கிரானைட் கல்லுக்கும் செம்மண்ணுக்கும் தோண்டுவதும் வேறு. இவை ஒவ்வொன்றும் செடிகொடிகளிடம் வெவ்வேறு அடையாளத்தை விட்டுச் செல்கின்றன. பச்சை மரம் வெட்டிய இடத்தில் அடிக்கட்டையும் அதன் துளிரும் இருக்கும். அளவுகடந்து மேய்ந்த இடத்தில் முள்ளும் கசப்பும் மிஞ்சும். உழுது தோப்பு வைத்த இடத்தில் பழைய இனத்தின் வேரும் இராது. பதிவேடு ஒன்று நம் கையில் இருந்தால், குற்றம் யாருடையது என்பதை ஊகத்தால் முடிவு செய்ய இயலாது. அப்பதிவேடு நம் ஊர் மேய்ச்சலே காரணம் என்று காட்டுமாயின், அதனையும் ஏற்று, மேய்ச்சலுக்கு முறை வகுக்கும் துணிவு நமக்கு வேண்டும். உண்மை இருபுறமும் வெட்டும் கத்தி.

சட்டம் தரும் இடம்

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பன்மை மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றது. அவ்வூர்ச் செடிகொடி, உயிரினம், அவை பற்றிய மக்களின் அறிவு ஆகியவற்றை ‘மக்கள் பன்மைப் பதிவேடு’ என்ற ஏட்டில் எழுத வேண்டும் என்பதும் நடைமுறைக்கு வந்தது. 2004-ஆம் ஆண்டு விதிகள், குழு உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினரும் இருக்கவேண்டும் என்று வகுத்தன. 2023-இல் அச்சட்டம் திருத்தம் பெற்றது. குழுவும் பதிவேடும் தொடர்கின்றன.

இடம் இருப்பது ஒன்று. அதில் அமர்ந்து பேசுவது மற்றொன்று. அவையில் நாற்காலி தந்தபின், அங்கு வாசிக்கும் அறிக்கையில் எந்தச் செடி விடுபட்டது என்று எழுந்து கேட்கும் அறிவு இல்லையானால் நாற்காலி வெறும் மரச்சாமானே. கையெழுத்திடுவதற்கு மட்டும் அழைக்கப்படும் உறுப்பினராக நம் பிள்ளைகள் இருத்தலாகாது. அறிக்கையை எழுதுவோராக இருத்தல் வேண்டும். ஒரு கல்விச் சங்கம் இதில் தலையிட வேண்டிய காரணம் இதுவே.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களுக்குச் சில கூறி முடிப்போம்.

ஊருக்கு ஓர் இடம் தேர்ந்துகொள்வோம். கோயிற் காடோ, ஏரிக்கரையோ, புறம்போக்குப் புதரோ, பள்ளி வளாகத்தின் மூலையோ எதுவாயினும் ஆகுக. வேண்டிய இசைவு பெற்று, மூலைகளில் கல் நட்டுச் சதுரம் குறிப்போம். கயிறும் அளவுநாடாவும் நோட்டுப் புத்தகமும் போதும். மழை முடிந்த தை மாதத்தில் ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் எண்ணுவோம்.

ஒவ்வொரு குழுவிலும் ஒரு மூதாட்டியோ முதியவரோ இருத்தல் வேண்டும். அவர் கூறும் பெயரை அவர் கூறியவாறே எழுதி, கூறியவர் பெயரையும் அருகில் எழுதுவோம். அறிவுக்கு உரியவர் பெயரின்றி அவரது அறிவை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் பின்பற்றலாகாது. பிறகு செடியின் இலையும் பூவும் உள்ள கிளையொன்றைத் தாளிடையே அழுத்திக் காயவைத்து, கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டி அறிவியற் பெயரை அறிவோம். ஊர்ப்பெயரும் அறிவியற் பெயரும் ஒரே வரியில் அமைவது சிறு செயலாகத் தோன்றலாம். நூற்றாண்டுகளாகப் பிரித்து வைத்த இரு அறிவுகள் அவ்வரியிலே கைகோக்கின்றன.

மாணவியரை முன்னிறுத்துவோம். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் பட்டம் பயிலலாம் என்பதையும், வனத்துறைப் பணிகளுக்குத் தேர்வுகள் உண்டு என்பதையும் நம் பிள்ளைகள் பலர் அறியார். பொறியியலும் மருத்துவமும் மட்டுமே படிப்பு என்று எண்ணும் பெற்றோர்க்கு இதனை எடுத்துரைப்பது சங்கத்தின் கடமையாகட்டும். காட்டின் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வீட்டுப் பிள்ளை அக்காட்டின் அலுவலராக உள்ளே நுழைவது, ஒரு குடும்பத்தின் முன்னேற்றத்தோடு நின்றுவிடும் செய்தியன்று.

எண்ணியதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அதே சதுரத்தில் எண்ணுவோம். இவ்வாண்டு வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், இன்னும் 25 ஆண்டில் பொன்விழாக் காணும். இன்று தொடங்கினால் அன்றைக்குள் ஆறு கணக்குகள் நம் கையில் இருக்கும். அப்போது மேடையேறும் பேச்சாளர், காடு நன்றாக இருக்கிறது என்றோ, கெட்டுவிட்டது என்றோ வாய்ச்சொல்லாகக் கூறவேண்டியதில்லை. இந்தச் சதுரத்தில் இத்தனை இனம் இருந்தது, இத்தனை நாற்று வந்தது, இந்தக் கொடி போயிற்று, இது மீண்டது என்று நம் பிள்ளைகள் எழுதிய ஏட்டைத் திறந்து வாசிக்கலாம். அந்த ஏடு, எந்த அலுவலகத்திலும் எந்த அவையிலும் நம்மவர் கையோடு எடுத்துச் செல்லத்தக்க சான்றாக இருக்கும்.

சூளையிலே கூம்பு எப்போது சாயும் என்று கண்ணிமைக்காமல் பார்த்திருக்கும் பொறுமை நம் ஊர்த் தொழிலாளர்க்கு இயல்பாக அமைந்தது. அப்பொறுமையைக் காட்டுக்கும் கொஞ்சம் தருவோம்.